அப்பா ஏறிப்போன பஸ்

தஞ்சாவூரும் சோழர் ஊர், பூம்புகாரும் சோழர் ஊர். அப்படியானால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. சென்னையில் பிறந்து, சென்னையிலேயே ஐம்பது வயதைத் தொட்ட எனக்குத் தெரிந்த பூகோளம் அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் ராத்திரி ரயில் ஏறி, விடிந்ததும் தஞ்சாவூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் குளித்துவிட்டுக் கீழே வந்தேன். வரவேற்பு மேஜையில் இருந்தவரிடம், "பூம்புகாருக்கு ஆட்டோ கிடைக்குமா?" என்று கேட்டேன்.

சாவியை வாங்க நீட்டிய கையை மடக்காமல் அவர் என்னைப் பார்த்தார்.

"ஆட்டோவாங்க? கும்பகோணம் போயி, மாயவரம் போயி, அதுக்கப்பறம்ல பூம்புகாரு. நீங்க ராத்திரி வந்த ரயிலே மாயவரத்துல நின்னுதானே வந்திருக்கும். அங்கயே இறங்கியிருக்கலாமே?"

மாயவரம் என்றால் மயிலாடுதுறை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். தூக்கத்தில் அதைத் தாண்டி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. போக வேண்டிய ஊரைத் தாண்டி வந்து, லாட்ஜில் அறை எடுத்துக் குளித்து, தலை சீவிக்கொண்டு வழி கேட்கிற ஆள் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

என் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று இருந்தது. அதற்குள் அப்பாவின் இரண்டு வேட்டிகள். அந்த வேட்டிகளுக்குள் வாய் கட்டிய ஒரு மண்கலயம். கலயத்துக்குள் அப்பா.

"பூம்புகார்ல கரைச்சுடு. ஆறும் கடலும் சேர்ற இடம். யாருக்கும் இடைஞ்சலா இருக்காது" என்பதுதான் அவர் சொல்லிவிட்டுப் போன ஒரே ஆசை. அவர் பிறந்தது கீழ்வேளூர் பக்கம். என்னை ஒரு தடவைகூட இந்தப் பக்கம் அழைத்து வந்ததில்லை. கேட்டால், "அங்க இப்ப யாரு இருக்கா?" என்று பேச்சை முடித்துவிடுவார்; காவிரியைப் பற்றி மட்டும் ஓயாமல் சொல்வார். நான் ஒரே பெண். எடுத்துவர வேறு ஆள் கிடையாது. கிளம்பும்போது அத்தை போனில் ஒரு கட்டளை போட்டிருந்தாள்: கரைக்கிற வரைக்கும் பையை எங்கேயும் தரையில் வைக்கக் கூடாது, வைத்தால் அவர் அங்கேயே தங்கிவிடுவார். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன், கண்ணயர்ந்தபோதும் பிடியை விடவில்லை. லாட்ஜில் குளிக்கப் போகும்போது கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினேன். சட்டை மாட்டுகிற கொக்கியில் அப்பா தொங்குவதைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் வேலைக்குப் போன காலம் முழுக்க நின்றுகொண்டே போனவர். இடம் கிடைக்காமல் இல்லை. கிடைத்த இடத்தை அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். "நான் நின்னுக்கிட்டே வர்றேன், நீங்க உக்காருங்க." இது அவருடைய தாரக மந்திரம். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகுகூட எழுந்து அடுத்தவரை உட்காரவைப்பார். கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தன் நாற்காலியைத் தடிமாடு போலிருந்த ஒருத்தனுக்குக் கொடுத்தார். அவன் காலில் கட்டு போட்டிருந்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரெல்லாம் உட்கார இவர் மட்டும் எதற்கு நிற்க வேண்டும்? இன்றைக்கு நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

லாட்ஜ் வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. டிரைவர் அதன் முகப்பில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். பூம்புகார் என்றதும் அவர் பார்வை நேராக என் பைக்குப் போனது.

"கரைக்கவாங்க?"

ஆமாம் என்றேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்கு வைகாசி முகூர்த்தம். சாயந்தரம் இதே வண்டியிலதான் பொண்ணு மாப்பிள்ளை ஏறணும். ஊர்ல இருக்குற எல்லா காரும் கல்யாணத்துக்குப் போயிருச்சு. புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனீங்கன்னா மாயவரம் வண்டி கிடைக்கும்."

சண்டை போட வாய் துடித்தது. ஆனால் அந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்த பிறகு என்ன பேசுவது? ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அங்கே பார்த்ததை இப்போது சொன்னாலும் என் சென்னைத் தோழிகள் நம்புவதில்லை. முகூர்த்தக் கூட்டம். பட்டுப்புடவையும் வேர்வையுமாக ஊரே அங்கே நின்றது. மாயவரம் பஸ் உள்ளே திரும்பியதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் அதன் கூடவே ஓடத் தொடங்கியது. பஸ் இன்னும் நிற்கவில்லை. சன்னல்கள் வழியாகத் துண்டு பறந்தது, குடை பறந்தது, தாம்பூலப் பைகள் போயின, ஒரு முழுப் பலாப்பழம் போனது. அப்புறம், பட்டு வேட்டி கட்டிய ஒருத்தர் தன் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி, சன்னல் வழியாக உள்ளே நீட்டினார். உள்ளே இருந்த யாரோ ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டாள்.

"ஐயோ, குழந்தை!" என்று நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுங்க. சீட்டு புடிக்கிறாங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். கறுப்பு புர்கா போட்ட பெண். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைப் போல் இரண்டு பங்கு பலம். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய குக்கர் பெட்டி. "நீங்க எங்க போவணும்?"

"பூம்புகார்."

"அப்ப இதாங்க வண்டி. குடுங்க பையை."

நான் கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் எடுத்துக்கொண்டார். ரயிலிலும் லாட்ஜிலும் விடாத பிடி எப்படி நழுவியதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "ஐயோ, கீழ வச்சிடாதீங்க!" என்பது மட்டும்தான் என் வாயிலிருந்து வந்தது.

"கீழ எதுக்கு வைக்கிறேன், சீட்டுலல்ல வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நடுவில் ஒரு சன்னல். முதலில் என் பையை உள்ளே தள்ளினார். பின்னாலேயே குக்கரைத் தள்ளினார். அடுத்த நொடி பின்படிக்கட்டுக் கூட்டத்துக்குள் மறைந்துபோனார்.

நான் முன்படிக்கட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். அங்கே வரிசை என்று ஒன்றும் இல்லை. நான் மட்டும்தான் வரிசை. என் தோளுக்கு மேலும் கக்கத்துக்குக் கீழுமாக ஆட்கள் புகுந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க என்றெல்லாம் மெட்ரோ ரயில் மரியாதையில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. படிக்கட்டில் தொங்கியவர்களோடு பஸ் நகர்ந்தது. கத்தினேன், ஓடினேன், செருப்பு ஒன்று கழன்றது. பஸ் வெளியே திரும்பிப் போய்விட்டது.

வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா இறந்த அன்றைக்குக்கூட நான் இப்படித் திக்கற்று நிற்கவில்லை. அன்றைக்கு ஆக வேண்டிய வேலைகள் இருந்தன, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இங்கே யாரிடம் என்ன சொல்லி அழுவது?

டைம் கீப்பர் உட்கார்ந்திருந்த கூண்டுக்கு ஓடினேன். பை போய்விட்டது என்றேன்.

"இது எப்பவும் நடக்கறதுதாங்க. பையில என்ன, நகையா?"

"இல்லை."

"துணிமணியா?"

"எங்க அப்பா. அஸ்தி."

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். போனை எடுத்து அந்த பஸ்ஸின் கண்டக்டரை இரண்டு மூன்று தடவை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, கூட்டத்தில் யார் எடுப்பார்கள்? "அழுவாதீங்க" என்றார். "பின்னாடியே ஒரு மாயவரம் வண்டி இருக்கு, ஏத்திவிடறேன். கும்பகோணத்துல எடுத்து வைக்கச் சொல்றேன். சீட்டுல போட்ட பையை இந்தப் பக்கம் ஒருத்தரும் தொட மாட்டாங்க. ஆள் வர்ற வரைக்கும் அது அந்த ஆளோட எடம்."

பின்னாடியே என்று அவர் சொன்ன பஸ் வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. அதில் நின்றுகொண்டே போனேன். சாலையில் பாலங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறுதான் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பாலத்துக்குக் கீழேயும் மணல், நாணல், நடுவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், "இதுல எதுங்க காவிரி?" என்று கேட்டேன்.

"எல்லாமே காவிரிதாங்க. பிரிஞ்சு பிரிஞ்சு போவுது. ஆனியில மேட்டூர் தண்ணி வந்துடும்."

"இப்ப பூம்புகார்ல தண்ணி இருக்குமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அங்க கடல் இருக்குங்களே."

அப்பா சொல்லிச் சொல்லி என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆறு இதுவா? அவரும் இல்லை, அவருடைய ஆறும் இல்லை, பையும் இல்லை. நான் மட்டும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் இறங்கி, அங்கிருந்த டைம் கீப்பரிடம் ஓடினேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் மேஜைமேல் பை இல்லை.

"கண்டக்டர்கிட்ட சொன்னேங்க, உள்ள என்னன்னு மட்டும் சொல்லலை. ஆளைக் காணும், பையை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போவோம்னு அவரும் கேட்டிருக்காரு. பக்கத்து சீட்டுல இருந்த பொம்பளை குடுக்க மாட்டேன்னு ஒரே சண்டையாம். வண்டியும் கிளம்பிருச்சு."

"அவங்க எந்த ஊருக்குப் போறாங்க?"

"ஆடுதுறைக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்காங்களாம்."

அதுவரை மனசுக்குள் 'அவர்' என்று நினைத்துக்கொண்டிருந்த பெண் அந்த நொடியில் 'அவள்' ஆனாள். திருடி! வலிய வந்து பேசியபோதே சுதாரித்திருக்க வேண்டாமா? கட்டைப்பை கனமாக இருக்கிறது, உள்ளே பட்டுப்புடவை என்று நினைத்திருப்பாள். ஆடுதுறையில் இறங்கி, ஒரு ஓரமாக நின்று வேட்டியைப் பிரித்துப் பார்ப்பாள். பார்த்ததும் என்ன செய்வாள்? அலறி அடித்துக்கொண்டு தூக்கி எறிவாள். எங்கே எறிவாள்? வாய்க்காலிலா, குப்பைத்தொட்டியிலா? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மறுபடியும் பஸ், மறுபடியும் நின்றுகொண்டே பயணம். ஆடுதுறை வந்ததும் சன்னல் பக்கம் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டிப் பார்த்தேன். கடைத்தெருவில் கறுப்பு புர்கா போட்ட பெண்கள் ஐந்தாறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் பை இல்லை. இறங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அந்த ஊர்ப் பக்கம் நான் முடிவெடுக்கும் வரை எந்த பஸ்ஸும் காத்திருந்ததில்லை.

மாயவரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. போலீஸுக்குப் போனால் என்ன புகார் கொடுப்பது? அத்தைக்கு எப்படிப் போன் பண்ணுவது? கூட்டம் கலைந்ததும், பஸ்கள் உள்ளே வரும் பக்கத்துத் தூண் ஓரமாக ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது.

அவர்தான். குக்கர் பெட்டி காலடியில் தரையில் இருந்தது. என் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பின்னால் சிமெண்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

ஓடிப் போய்ப் பையைப் பிடித்தேன். வேட்டியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். கலயம் முழுசாக இருந்தது, கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. வாய் திறந்து நன்றி சொல்வதற்குள் அவர் திட்டத் தொடங்கிவிட்டார்.

"ஏம்மா, பையைப் போட்டா பின்னாடியே முண்டி ஏற வேணாமா? ஆடி அசைஞ்சு வந்தா பஸ்ஸுக்காரன் நிப்பானா? கும்பகோணத்துல கூட்டம் எறங்கின பிறவுதான் நீங்க இல்லேங்கறதே எனக்குத் தெரியுது. ஆபீஸ்ல குடுங்கறாங்க. அங்க மேஜைல எடமில்ல, தரையில போட்டு வைப்பாங்க. நீங்கதானே கீழ வைக்காதீங்கன்னு அப்படிக் கத்துனீங்க? கண்ணாடிச் சாமான் போலருக்கு, ஒடைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு கையிலயே வச்சுக்கிட்டேன். எப்படியும் மாயவரத்துக்கு வந்துதானே ஆவணும்னு இங்கயே வந்துட்டேன்."

"ஆடுதுறையில இறங்கணும்னு..."

"தங்கச்சி மவளுக்கு நிக்காஹ். முடிஞ்சிருக்கும். சாப்பாடு இருக்கும், போயிக்கலாம்." கோபம் அதற்குள் பாதி இறங்கியிருந்தது. "கும்பகோணம் வர்ற வரைக்கும் எத்தனை பேரு கேட்டாங்க தெரியுமா? பையை எடுங்க, நான் உக்காந்துக்கிறேன்னு. ஒருத்தரையும் உக்கார விடலையே. சன்னலோரமா வச்சு, பஸ்ஸு குலுங்குறப்பல்லாம் கையால புடிச்சுக்கிட்டேன்."

கால் வைக்க இடமில்லாத பஸ். அதில் அப்பா சன்னலோர இருக்கையில், காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றிலும் அத்தனை பேர் நின்றுகொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல். உயிரோடு இருந்திருந்தால் இந்த அநியாயத்துக்கு ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார். பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் அழுதேன்.

பையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் போவது நியாயமாகப் படவில்லை.

அவர் கை வாய்க்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா! உங்க அப்பாவையாம்மா நான் சன்னல்ல தள்ளுனேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு கையால் தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். அப்புறம் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "எங்க அத்தா மவுத்தானப்ப நான் குவைத்துல ஒரு வீட்டுல வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ஊருக்கு விடலை. பெத்தவரு மொகத்தைக் கடைசியாக்கூடப் பாக்கல."

அதற்குள் பூம்புகார் என்று பலகை மாட்டிய பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் ஓடத் தொடங்கியது.

"நிக்காதீங்க, ஓடுங்க!" என்று என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

ஓடினேன். ஐம்பது வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பேரை முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினேன். பையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. படிக்கட்டில் முண்டியடித்து ஏறி, ஒருத்தர் துண்டைப் போடுவதற்குள் சன்னலோர இருக்கையில் போய் விழுந்தேன். நானா இது? வெளியே அவர் கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேரைக்கூட நான் கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டு, குக்கரைத் தூக்கிக்கொண்டு ஆடுதுறை பக்கம் போகிற பஸ்ஸைத் தேடிப் போனார்.

ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு நிறுத்தத்தில், மீன் விற்றுவிட்டு வெறும் அன்னக்கூடையோடு திரும்புகிற ஒரு அம்மாள் ஏறினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. என் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையிலிருந்து நான் பட்ட பாட்டுக்கு இந்த ஒரு இடம் எனக்கு உண்டு, யாருக்கும் தர மாட்டேன் என்று பிடிவாதமாக வெளியே பார்த்தேன். வெடித்துக் கிடந்த வயல்கள், நடுநடுவே பம்புசெட் தண்ணீரில் பச்சையாக நாற்றங்கால். மடியில் பை கனத்தது.

"நான் நின்னுக்கிட்டே வர்றேன், நீங்க உக்காருங்க."

சொன்னது என் வாய்தான். கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, உட்கார்ந்தவர்கள் நிற்கிறவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பையைக் குடும்மா, மடியில வச்சுக்கிறேன்."

இந்த முறை யாரும் பிடுங்கவில்லை. நானே கொடுத்தேன்.

"கீழ மட்டும் வச்சிடாதீங்கம்மா" என்றேன்.

பூம்புகார் வரை அப்பா உட்கார்ந்துதான் வந்தார். நான் நின்றுகொண்டே போனேன்.